மூணு வயசு நிறையவில்லை, எல்கேஜியில் சேர்க்கலாமா?

உங்கள் குழந்தை பிப்ரவரியில் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது, கணக்கு தானாகவே சரியாக வந்துவிடும். மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோரும், ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்து சில வார வித்தியாசத்தில் கட்-ஆஃப் தேதியைத் தவறவிட்டவர்களும்தான் விஜயதசமியில் ஆரம்பித்து மே மாதக் கடைசி வரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பள்ளியில் கேட்டால் "சேர்த்துடுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். வீட்டில் பாட்டி "சோறு ஊட்டிவிட்டாதான் சாப்பிடுற பிள்ளையை எங்கே அனுப்பறது" என்பார். இதற்கு நடுவில் எதிர்வீட்டுக் குழந்தை டை கட்டிக்கொண்டு வேனில் ஏறும், அதைப் பார்த்துதான் பாதிப் பேர் முடிவெடுக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைக்கு, வீட்டில் வேறு கட்டாயம் இல்லையென்றால், ஒரு வருஷம் பொறுப்பதுதான் நல்லது. "இப்போது எல்கேஜியைச் சமாளிப்பானா" என்பது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, முக்கால்வாசிப் பிள்ளைகள் நாலு வாரம் அழுதுவிட்டு எப்படியோ சமாளித்துவிடும். வகுப்பிலேயே சின்னவனாக இருப்பது இரண்டாம் வகுப்பில், ஆறாம் வகுப்பில், பிளஸ் டூவில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும்.

1. பேப்பர் பேனா எடுத்துத் தேதிக் கணக்கைப் போடுங்கள்

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூலை 31தான் கோடு. அன்றைக்கு 3 வயசு நிறைந்திருந்தால் எல்கேஜி, 5 நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பித்தாலும் இதே கணக்குதான், ஒரு நாள் குறைந்தாலும் ஆன்லைன் விண்ணப்பம் ஏற்காது. தனியார் பள்ளிகள், அதிலும் சிபிஎஸ்இ பள்ளிகள், மார்ச் 31, மே 31 என்று தங்களுக்கென்று வேறு தேதி வைத்திருப்பதும் உண்டு, ஆகவே நினைத்திருக்கும் பள்ளியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். குழந்தை 2023 ஜூலை 20இல் பிறந்தது என்று வையுங்கள். 2026 ஜூனில் எல்கேஜி, 2028இல் ஒன்றாம் வகுப்பு, 2040 மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அப்போது வயசு 16 வருஷம் 8 மாதம். விதிப்படி இது சரியான சேர்க்கைதான், முன்கூட்டியே சேர்த்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வகுப்பில் 2022 ஆகஸ்ட்டில் பிறந்த பிள்ளையும் இருக்கும். மூணு வயசில் பதினோரு மாத வித்தியாசம் என்றால் வாழ்ந்த வாழ்க்கையில் கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு! அந்தப் பெரிய பிள்ளை வாக்கியம் வாக்கியமாகப் பேசும், பட்டன் போடும், டீச்சர் கேட்டதற்கு முதல் ஆளாகக் கை தூக்கும். சின்னது மக்கு இல்லை, சின்னது, அவ்வளவுதான். டீச்சருக்கு இது நினைவிருக்க வேண்டும், ரேங்க் கார்டு பார்க்கும் அப்பாவுக்கும் நினைவிருக்க வேண்டும், இரண்டுமே நடப்பதில்லை.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் செப்டம்பர் 1ஐக் கோடாக வைத்திருக்கும் மாநிலங்களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள்: கோட்டுக்கு முந்தின ஆகஸ்ட்டில் பிறந்து வகுப்பில் கடைக்குட்டியாக இருக்கும் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்து மூத்தவர்களாக இருக்கும் பிள்ளைகளைவிட, கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறு (ADHD) இருப்பதாக மருத்துவர் சொல்வது 34 சதவீதம் அதிகம். பிறந்த மாதத்தைப் பார்த்து ஒரு நோய் வருமா என்ன? வயசுக்கேற்ற ஓட்டத்தையும் ஆட்டத்தையும் கோளாறு என்று எண்ணிவிட்டார்கள் என்றுதான் அதைப் படிக்க முடிகிறது. நம் ஊரில் டாக்டரிடம் போக மாட்டோம், "சேட்டை தாங்கல, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான்" என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார்கள்.

சரி, அடுத்த கணக்கு. நீட் எழுதி மருத்துவம் சேர, சேரும் வருஷத்தின் டிசம்பர் 31க்குள் 17 வயசு நிறைந்திருக்க வேண்டும். மேலே சொன்ன ஜூலைக் குழந்தைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 2024 ஜனவரியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தையை ஏதோ ஒரு பள்ளி சம்மதித்து 2026இலேயே எல்கேஜியில் உட்கார வைத்தால், 2040 டிசம்பரில் அதற்கு 17 ஆகியிருக்காது. ஓடிப் பிடித்த வருஷத்தைக் கடைசியில் சும்மா உட்கார்ந்து திருப்பித் தர வேண்டியதுதான். மூணு வயசுப் பிள்ளைக்கு நீட் கணக்கா என்று சிரிக்காதீர்கள், சீக்கிரம் சேர்ப்பவர்களில் பலர் சொல்லும் காரணமே "ஒரு வருஷம் மிச்சம்" என்பதுதான்.

கேந்திரிய வித்யாலயா எண்ணம் இருந்தால் கணக்கு மொத்தமும் மாறிவிடும். அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயசு நிறைந்திருக்க வேண்டும். 2022இல் இந்த மாற்றம் வந்தபோது பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், நீதிமன்றம் தலையிடவில்லை. நம் ஜூலைக் குழந்தைக்கு அங்கே ஒன்றாம் வகுப்பு 2030இல்தான், அதாவது மாநிலப் பள்ளியைவிட இரண்டு வருஷம் தள்ளி. மாற்றலாகிப் போகும் வேலையில் இருப்பவர்கள், மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் அவசரப்பட்டு எல்கேஜி, யுகேஜி முடித்துவிட்டு அப்புறம் அங்கே பால்வாட்டிகா எனும் மழலையர் வகுப்பில் மறுபடி உட்கார வைப்பதில் அர்த்தமே இல்லை.

ஓசூர்க்காரர்கள், பெங்களூருக்குப் போகும் திட்டம் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று 6 நிறைந்திருக்க வேண்டும். 2025-26இல் அது அமலுக்கு வரும் சமயத்தில் யுகேஜி முடித்துவிட்டு வயசு போதாமல் நின்ற பிள்ளைகள் ஏராளம், பெற்றோர் விடாமல் கேட்டதில் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 5 வயசு 5 மாதம் போதும் என்று தளர்த்தினார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020இல் சொன்னது இந்த 6தான், 2023இலும் 2024இலும் மத்தியக் கல்வி அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் இதைச் செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியது. தமிழ்நாடு 5இலேயே நிற்கிறது. கொள்கைச் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் என்பது வேறு, மாநில எல்லையைத் தாண்டினால் உங்கள் பிள்ளைக்கு எந்த வகுப்பு என்பதை இன்றைக்கே பார்த்துவைப்பது வேறு.

ஒரு காலத்தில் தலைக்கு மேலாகக் கையைப் போட்டு எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள், எட்டினால் ஒண்ணாப்பில் சீட்டு. பிறந்த தேதி தெரியாத வீடுகளுக்காக வாத்தியார்கள் கண்டுபிடித்த வழி, நம் அப்பா அம்மாவின் "பிறந்தநாள்" பலருக்கு ஜூன் மாதத்தில் இருப்பதன் ரகசியமும் அங்கேதான். எட்டாத பிள்ளைக்கும் "எழுதிக்கலாம் விடு" என்று தேதியை முன்னே தள்ளிப் போடுவதும் நடந்தது. இப்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்) எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருக்கிறது, அந்தப் பேச்சையே யாராவது எடுத்தால் காதில் வாங்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மருத்துவமனையில் வாங்கி வந்ததில் பெரும்பாலும் பெயர் இடம் காலியாக இருக்கும். ஒரு வருஷத்துக்குள் என்றால் இலவசமாகச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்க்கை நேரத்தில் அலையாமல் இப்போதே முடித்துவிடுங்கள்.

2. குழந்தையைப் பாருங்கள், ஏ-பி-சி-டியைப் பார்க்காதீர்கள்

ரைம்ஸ் சொல்கிறதா, நூறு வரை எண்ணுகிறதா, கலர் பெயர் தெரியுமா என்பதெல்லாம் தயார்நிலைக்கு அளவுகோல் இல்லை. செல்போன் பார்த்தே இதெல்லாம் வந்துவிடும். பார்க்க வேண்டியது இது: ஒன்றுக்கு, இரண்டுக்கு வருகிறது என்று வீட்டாள் அல்லாத ஒருவரிடம் சொல்லுமா? உங்கள் அம்மாவுக்குப் புரியும் குழந்தைப் பாஷையில் இல்லை, ஆயாம்மாவுக்குப் புரியும்படி. ஸ்நாக்ஸ் டப்பாவைத் தானே திறந்து, கீழே பாதி சிந்தினாலும், பாதியாவது தானே சாப்பிடுமா? "செருப்பைக் கழட்டிட்டு பையை அங்க வை" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்யுமா? "அவன் அடிச்சான்", "வயிறு வலிக்குது" என்று நடந்ததைச் சொல்லத் தெரியுமா? கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பள்ளியில் ஏதாவது தப்பு நடந்தால் வீட்டுக்கு வந்து சொல்லும் வாய் அந்தப் பிள்ளைக்கு வேண்டும், அது இல்லாத வயசில் முன்பின் தெரியாத இடத்தில் ஆறு மணி நேரம் விட எனக்கு மனசு வராது.

பார்க்கும் முறை எளிது. நீங்கள் இல்லாமல் அத்தை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு காலைப் பொழுது விட்டுப் பாருங்கள். அழுகை வரும், வரட்டும். அழுத பிறகு வேறொருவர் சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்பதுதான் விஷயம். வாரத்துக்கு ஓரிரு தடவை இப்படி இரண்டு மாதம் போனால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

பேச்சு வரவில்லை, பள்ளிக்குப் போனால் நாலு பிள்ளைகளோடு பழகி வந்துவிடும் என்று சேர்ப்பவர்கள் உண்டு. சில பிள்ளைகளுக்கு வரும்தான். ஆனால் 2 வயசு தாண்டியும் இரண்டு வார்த்தையைச் சேர்த்து "அம்மா வா", "பால் வேணும்" என்று சொல்லவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் எல்கேஜி அதற்கு மருந்து இல்லை, முதலில் குழந்தை மருத்துவர், காது கேட்கும் பரிசோதனை. மாவட்டங்களில் அரசு மருத்துவமனையைச் சேர்ந்து ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அங்கே செலவில்லாமல் பார்ப்பார்கள். பள்ளி சரிசெய்யும் என்று காத்திருந்து ஒரு வருஷத்தை விட்டால் அந்த வருஷம்தான் உண்மையில் வீணான வருஷம்.

3. தூக்கத்தையும் வேனையும் கணக்கில் சேருங்கள்

இதை யாருமே யோசிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயசுக் குழந்தைக்கு மதியத் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது, அதற்கும் கீழே 1, 2 வயசு என்றால் 11 முதல் 14. நடுவாக பதினொன்றரை என்று எடுத்துக்கொள்வோம். வேன் 7.20க்கு வருகிறது, பிள்ளை 6.15க்கு எழ வேண்டும். பள்ளியில் மதியம் தூங்க விடுவதில்லை என்றால் முந்தின நாள் சாயங்காலம் 6.45க்குத் தூங்கியிருக்க வேண்டும்! வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் தூங்கினால்கூட ராத்திரி 8.15. அப்பா வேலையிலிருந்து வருவதே எட்டரைக்கு, சீரியல் ஓடுகிறது, பத்துக்கு முன்னால் விளக்கு அணைகிற வீடு எத்தனை? பிள்ளை தினமும் இரண்டு மணி நேரத் தூக்கக் கடனோடு போகும், பதினோரு மணிக்கு எரிச்சல் வரும், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், டீச்சர் டைரியில் எழுதுவார். காரணம் தேடி ஜோசியர் வரை போவோம்.

அதனால் சீக்கிரம் சேர்ப்பதென்றால் நடந்து போகும் தூரத்தில் உள்ள பள்ளி, இல்லையென்றால் வண்டியில் பத்து நிமிஷம். வேன் என்றால் உங்கள் பிள்ளை ஏறுவது முதல் ஸ்டாப்பிலா கடைசி ஸ்டாப்பிலா என்று கேளுங்கள். பெரிய பெயருள்ள பள்ளிக்காக மூணு வயசுப் பிள்ளை ஒரு மணி நேரம் ஊர் சுற்றுவதைவிட, தெருமுனையில் இருக்கும் சுமாரான பள்ளி எவ்வளவோ மேல். நல்ல பள்ளிக்கு ஒன்றாம் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம், சீட் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

உடம்பு: முதல் வருஷம் மாதம் ஒரு சளி சாதாரணம், மழைக்காலத்தில் கை-கால்-வாய்ப் புண்ணும் சுற்றும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து விடுபட்டது இருந்தால் ஜூனுக்கு முன் போட்டுவிடுங்கள். காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசி முடிப்பது நல்லது.

4. பள்ளியில் கேட்க வேண்டியது

அட்மிஷன் அறையில் காட்டும் வண்ணப் படங்கள், ஸ்மார்ட் போர்டு, சறுக்குமரம் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த வருஷ எல்கேஜிப் பிள்ளை ஒன்றின் நவம்பர் மாத நோட்டு. அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். பார்த்து வரையும் திறமை குழந்தைக்கு ஒரு வரிசையில்தான் வரும். வட்டம் 3 வயசை ஒட்டி, கூட்டல் குறி 4 வயசை ஒட்டி, சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் 5இல். சாய்வுக் கோடு கடைசியில்தான் கைக்குப் பிடிபடும். நம் பள்ளிகளில் ஜூனில் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஜூலையில் ஸ்லாண்டிங் லைன், ஆகஸ்ட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அதில் முதல் எழுத்தான ஏ-யிலேயே இரண்டு சாய்வுக் கோடு. அக்டோபரில் பிறந்த பெரிய பிள்ளைக்கே இழுபறி, ஜூலைப் பிள்ளையின் கையை டீச்சர் பிடித்து எழுத வைப்பார். நவம்பர் நோட்டில் நாலு கோட்டுக்குள் பக்கம் பக்கமாக எழுத்து நிறைந்திருந்தால், அதுவும் கர்சிவ் ஆரம்பித்திருந்தால், அந்தப் பள்ளிக்குச் சின்னப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மணல், களிமண், கிழித்து ஒட்டுவது, மணி கோப்பது, கதை, பாட்டு என்று போகும் இடம் என்றால் இரண்டே முக்கால் வயசில்கூட அனுப்பலாம், அங்கே முன்கூட்டி சேர்ப்பது என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை, அந்தக் குழந்தை அங்கே விளையாடத்தான் போகிறது.

மற்றபடி கேட்க வேண்டியவை: வகுப்பில் எத்தனை பேர், டீச்சர் தவிர ஆயாம்மா தனியாக உண்டா (தேசியத் தரநிலை 3 முதல் 6 வயசுக்கு 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்கிறது, 3க்குக் கீழே 10க்கு ஒருவர்), கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா, பீங்கான் சின்ன அளவா, உடை நனைந்தால் யார் மாற்றுவார்கள், முதல் இரண்டு வாரம் அரை நேரம் மட்டும் விடலாமா. கடைசிக் கேள்விக்கு "அழுதா பழகிடும் மேடம், நீங்க திரும்பிப் பார்க்காம போயிடுங்க" என்று மட்டும் பதில் வந்தால் நான் அடுத்த பள்ளியைப் பார்ப்பேன்.

5. பொறுப்பது என்று முடிவானால்

அங்கன்வாடியை நடுத்தர வர்க்கம் ஏன் இவ்வளவு இளக்காரமாகப் பார்க்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை இவை, தமிழ்நாட்டில் 2 வயசு தாண்டிய பிள்ளையை முன்பருவக் கல்விக்குச் சேர்க்கலாம், "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று பாடத்திட்டமே இருக்கிறது, எடை உயரம் பார்க்கிறார்கள், மதியம் சாப்பாடு போட்டுத் தூங்க வைக்கிறார்கள். மூணு வயசுக்குத் தேவையானது இதுதான். எல்லா மையமும் ஒரே தரம் இல்லை, டீச்சரைப் பொறுத்து மாறும், ஆகவே ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். 2019இல் 2,381 மையங்களில் அரசே எல்கேஜி, யுகேஜி தொடங்கியது, உங்கள் பகுதி அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அங்கே மனசு வரவில்லையென்றால் பக்கத்தில் உள்ள விளையாட்டுப் பள்ளியில் இரண்டு மூணு மணி நேரம், அதுவும் இல்லையென்றால் சாயங்காலம் பூங்கா, கோயில் பிராகாரம், ஊரில் பாட்டி வீட்டில் ஒரு மாதம். வேறு பிள்ளைகளோடு மண்ணில் விளையாட வேண்டும், அடித்துக்கொண்டு சேர வேண்டும், நிறையக் கதை கேட்க வேண்டும். இதில் எதற்கும் வழியில்லை, பகலெல்லாம் செல்போன்தான் கதி என்றால் பொறுப்பதால் லாபம் இல்லை, அனுப்பிவிடுங்கள்.

அதேபோல அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது தேட வேண்டியது மதியம் தூங்க வைக்கும் இடம், வகுப்பின் பெயர் ப்ரீகேஜியாக இருக்கட்டும், எல்கேஜி வேண்டாம். வீட்டைவிட்டு வெளியே இருப்பது வேறு, மேல் வகுப்பில் இருப்பது வேறு. முதலாவது தேவைப்படும்போது இரண்டாவதையும் சேர்த்து விற்றுவிடுவார்கள்.

6. ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா?

முதல் மாத அழுகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆயுத பூஜை விடுமுறை வரை பாருங்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே வயிற்றுவலி, விட்டுப்போன படுக்கை நனைப்பது திரும்ப வருவது, பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று டீச்சர் சொல்வது இதெல்லாம் இருந்தால் எல்கேஜியையே அடுத்த வருஷமும் படிக்க வைக்கலாமா என்று பள்ளியில் பேசுங்கள். இந்த வேலையை எல்கேஜியில் செய்வது சுலபம், யுகேஜியில் பரவாயில்லை, ஒன்றாம் வகுப்பு போய்விட்டால் பிள்ளைக்கே "நான் ஃபெயில்" என்று புரிந்துவிடும். நல்லவேளை, தெருவில் யார் என்ன சொல்வார்கள் என்பது மூணரை வயசுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

கட்டணத்தைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள், திரும்பப் படிக்கும் வருஷத்துக்கு அட்மிஷன் ஃபீஸ் மறுபடி கேட்கக் கூடாது என்று அப்போதே பேசிவிடுங்கள். வேறு பள்ளிக்கு மாற்றிக் கீழ் வகுப்பில் சேர்ப்பதென்றால், பழைய பள்ளி எமிஸில் குழந்தையின் பெயரை ஏற்றியிருந்தால் அதைக் காமன் பூலுக்கு, அதாவது புதுப் பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடுவிக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தடித்தால் புதுப் பள்ளியில் பெயர் ஏறாது, ஆகவே கடைசித் தவணை கட்டும் அன்றைக்கே அலுவலகத்தில் உட்கார்ந்து முடித்துக்கொண்டு வாருங்கள்.